தை மாத மாடுபிடியும் சம்பா அறுவடையும்

வழக்கமாகத் தை முதல் நாள் அவனியாபுரத்திலும், இரண்டாம் நாள் பாலமேட்டிலும், மூன்றாம் நாள் அலங்காநல்லூரிலும் வாடிவாசல்கள் திறக்கின்றன. அதே வாரத்தில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்களில் பல சம்பா வயல்கள் முற்றித் தலை சாய்ந்து அரிவாளுக்குக் காத்திருக்கின்றன. வாடிவாசல் முன் நிற்கும் இளைஞர்களில் பலர் இந்த வயல்களுக்கு உரிய வீட்டுப் பிள்ளைகளே. காளையின் திமிலைப் பிடிக்கும் கைதான் நெல் மூட்டையையும் தூக்க வேண்டும்.

இதனால் ஒவ்வோர் ஆண்டும் மார்கழிக் கடைசியில் பல வீடுகளில் ஒரே வழக்கு எழுகிறது. "பயிரை வயலில் விட்டுவிட்டு மாட்டைப் பிடிக்கப் போகிறாயே" என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். "ஆண்டுக்கு ஒரு முறை வருவதை விடச் சொல்கிறீர்களே" என்று பிள்ளைகள் முகம் வாடுகிறார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கைத் தை மாதத்தில் தீர்க்க முயல்வதுதான் தவறு. வாடிவாசல் திறக்கும் நாள் நம் கையில் இல்லை. நெல் முற்றும் நாளோ நம் கையில் இருக்கிறது. ஆவணி மாதத்தில் நாற்றங்காலில் விதை தெளிக்கும் அன்றே அது முடிவாகிவிடுகிறது. இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு வீட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று ஏக்கர் சம்பா நெல்லைப் பார்க்கச் சென்றிருந்தேன். இரகம் பிபிடி 5204. விதைத்த நாள் ஆகஸ்டு 20. பயிர் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. வயதான தந்தைக்கு மூட்டு வலி. வயல் வேலை முழுவதும் இருபத்து நான்கு வயது மகன் பொறுப்பில் இருந்தது. அவன் அந்த வட்டாரத்தில் பேர் பெற்ற மாடுபிடி வீரன். "அவனைப் போக வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார், நீங்க சொன்னாக் கேப்பான்" என்று அவன் தாயார் என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை. அவன் வரப்பில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

மாட்டுப் பொங்கலன்று அவனுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். வயலில் தண்ணீரை வடிக்க வேண்டிய நாள் அதற்கு முன்பே கடந்திருந்தது. பண்டிகை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். தை ஆறாம் நாள் வந்த அறுவடை இயந்திரம் சேற்றில் இறங்க முடியாமல் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. மறுபடியும் அது வருவதற்குள் இரண்டு நாள் மழை பெய்தது. முற்றிய கதிர்கள் சாய்ந்து நீரில் கிடந்தன. அந்தத் தாயாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இடுப்பளவு குனிந்து ஈரத்தாளை அறுத்து வரப்புக்குச் சுமந்தார்கள். ஒன்றரை ஏக்கர் நெல் நிறம் மாறி, வியாபாரி கேட்ட விலைக்குப் போயிற்று.

அந்தக் குடும்பத்தை நட்டப்படுத்தியது மாட்டின் கொம்பு என்றே ஊரார் பேசினார்கள். நான் நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஆகஸ்டு 20இல் விதைத்த பிபிடி 5204 இரகம் 145 முதல் 150 நாளில் முற்றும். அதாவது ஜனவரி 12க்கும் 17க்கும் இடையில் அறுவடைக்கு வரும். மூன்று வாடிவாசல்களும் திறக்கும் அதே நாட்கள். மகன் நலமாக இருந்திருந்தாலும் அந்த வாரத்தில் ஆளும் இயந்திரமும் கிடைப்பது அரிது. ஆகஸ்டு மாதத்தில் அந்த வீட்டில் எவரும் இந்தக் கணக்கைப் போடவில்லை. அவர்கள் வயலை அதற்கு முன் பார்த்திருந்த நானும் போட்டுச் சொல்லவில்லை.

இரண்டும் ஏன் மோதுகின்றன?

அறுவடையை ஒட்டிப் பிறந்த திருநாள் ஆகையால், விளையாட்டும் அறுவடையும் ஒரே பருவத்தில் வருவது இயல்பே. முற்காலத்தில் ஊரே சேர்ந்து கையால் அறுத்தது. ஒருவர் வயல் முடிந்தபின் மற்றவர் வயல் என்று வேலை பல வாரங்களுக்குப் பரவி நின்றது. இடையில் நான்கு நாள் திருவிழாவுக்காக நின்றாலும் பெரிய இழப்பு இல்லை.

இன்று நிலை வேறு. 1895இல் பெரியாறு அணை நீர் வைகைப் படுகைக்கு வந்தது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. அதன்பின் கால்வாயில் நீர் விடும் நாளை ஒட்டியே ஒரு பாசனப் பகுதி முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நாற்று விடுகிறது. ஒரே வயதுள்ள இரகங்களைப் பலரும் பயிரிடுவதால் அறுவடையும் ஒரே வாரத்தில் வந்து குவிகிறது. அறுப்பதோ வெளி மாவட்டங்களிலிருந்து வரும் இயந்திரம். அது நமக்காகக் காத்திராது.

விளையாட்டின் நாட்களும் இப்போது உறுதியாகிவிட்டன. உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத்தில் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மக்கள் போராட்டத்துக்குப்பின் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே ஆண்டுதோறும் தை பிறந்ததும் வாடிவாசல் திறக்கும் என்று எண்ணியே நம் வேலைத் திட்டத்தை வகுக்கவேண்டும். புதுக்கோட்டை மாவட்டத் தச்சங்குறிச்சியிலும் சிவகங்கை மாவட்டச் சிராவயலிலும் திருச்சியை அடுத்த சூரியூரிலும் மாடு விடும் ஊர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். சில ஊர்களில் மாசி, பங்குனி வரையிலும் விளையாட்டு நீள்கிறது. அங்குள்ளோர் கோடைப் பயிர்களுக்கும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

நெல்லின் நாட்கணக்கு

நெல்லின் வாழ்நாளை மூன்று பருவங்களாகப் பிரிப்பார்கள். விதைத்தது முதல் கதிர் உருவாகத் தொடங்கும் வரை வளர்ச்சிப் பருவம். கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரை இரண்டாம் பருவம். இது ஏறத்தாழ 35 நாள். பூத்ததிலிருந்து முற்றும் வரை மூன்றாம் பருவம். இது ஏறத்தாழ 30 நாள். பின்னிரண்டும் குறுகிய வயது இரகத்துக்கும் நீண்ட வயது இரகத்துக்கும் பெரும்பாலும் ஒன்றே. முதற்பருவத்தின் நீளத்தில்தான் இரகங்கள் வேறுபடுகின்றன.

இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது. வயலில் பாதிக் கதிர்கள் பூத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து முப்பதாம் நாள் அறுவடை. மார்கழி முதல் நாள் பாதிக் கதிர் பூத்தால் தை முதல் நாள் அரிவாள் வைக்கவேண்டும். மார்கழிக்கு இருபத்தொன்பது அல்லது முப்பது நாள் என்பதால் கணக்கு ஏறத்தாழச் சரியாக நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

விதைக்கும்போதே கணக்கிட விரும்புவோர் இரகத்தின் வயதைத் தெரிந்துகொள்ளவேண்டும். வயது என்பது நாற்றங்காலில் விதைத்த நாள் முதல் அறுவடை வரை. நட்ட நாளிலிருந்து எண்ணுவது பலர் செய்யும் பிழை.

கோ 51 இரகத்தின் வயது 105 முதல் 110 நாள். ஏடிடீ 45 இரகத்துக்கு 110 நாள். ஏடிடீ 39 இரகத்துக்கு 120 முதல் 125 நாள். கோ 52 இரகத்துக்கு 130 முதல் 135 நாள். ஏடிடீ 46 இரகத்துக்கு 135 நாள். வெள்ளைப் பொன்னிக்கு 135 முதல் 140 நாள். பிபிடி 5204 இரகத்துக்கு 145 முதல் 150 நாள். சிஆர் 1009 இரகத்துக்கு 155 முதல் 160 நாள்.

செப்டம்பர் முதல் நாள் 135 நாள் இரகத்தை விதைத்தால் ஜனவரி 14இல் முற்றும். பொங்கல் நாளே அறுவடை நாள். அதே விதையைச் செப்டம்பர் 15இல் விதைத்தால் ஜனவரி 28இல் முற்றும். தை பாதியில் விளையாட்டு ஓய்ந்து, ஆட்கள் வீடு திரும்பிய நேரம். இரண்டு வாரம் தள்ளி விதைத்ததால் வழக்கு தீர்ந்துவிடுகிறது.

நேரடி விதைப்பு செய்வோர் நாற்று பிடுங்கி நடும் அதிர்ச்சி பயிருக்கு இல்லாததால் அறுவடை 7 முதல் 10 நாள் முந்தும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். பகல் நேரம் குறைவதைக் கண்டு பூக்கும் பழைய சம்பா இரகங்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவற்றை முன்னே விதைத்தாலும் சற்றுப் பின்னே விதைத்தாலும் பூக்கும் காலம் அதிகம் மாறாது. அவற்றைப் பயிரிடுவோர் பூக்கும் நாளிலிருந்து எண்ணும் விதியையே கைக்கொள்ளவேண்டும்.

மூன்று வழிகள்

தை முதல் நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் அறுவடை வராமல் பார்த்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, விதைப்பைத் தள்ளுவது. பத்து முதல் பதினான்கு நாள் தள்ளினால் போதும். ஆனால் கால்வாய் நீர் நிற்கும் நாளை முதலில் கேட்டறியவேண்டும். பூக்கும் பருவத்திலும் பால் பிடிக்கும் பருவத்திலும் நீர் குறைந்தால் பதர் மிகும். கிணறு வைத்திருப்போருக்கு இவ்வழி ஏற்றது. மூன்று வாரத்துக்கு மேல் தள்ளுவது நன்றன்று. மார்கழிக் குளிரில் பூக்கும் பயிரில் மணி பிடிப்பது குறையக்கூடும்.

இரண்டாம் வழி, விதைக்கும் நாளை மாற்றாமல் இரகத்தை மாற்றுவது. மேலே சொன்ன வீட்டில் ஆகஸ்டு 20ஆம் நாளே 135 நாள் இரகத்தை விதைத்திருந்தால் ஜனவரி 2இல் அறுவடை வந்திருக்கும். பண்டிகைச் செலவுக்குப் பணமும் கையில் இருந்திருக்கும். கிணறு இல்லாதவர்களுக்கு இதுவே தக்க வழி. ஆனால் மிகக் குறுகிய வயது இரகத்தை இப்பருவத்தில் நாட வேண்டாம். ஆகஸ்டுக் கடைசியில் விதைத்த 105 நாள் இரகம் ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் அடைமழையில் பூக்கும். மகரந்தம் கழுவப்பட்டுப் பதர் விழும். அறுவடையும் மழை முழுதும் ஓயாத டிசம்பர் நடுவில் வரும்.

மூன்றாம் வழி, வயலைப் பங்கிடுவது. மூன்று ஏக்கர் உள்ளவர் ஒன்றில் 135 நாள் இரகத்தையும் இரண்டில் 155 நாளுக்கு மேற்பட்ட இரகத்தையும் ஒரே நாளில் நாற்று விடலாம். ஆகஸ்டு 20இல் விதைத்தால் முன்னது ஜனவரி 2இலும், பின்னது ஜனவரி 22 முதல் 27க்குள்ளும் அறுவடைக்கு வரும். நடுவில் உள்ள வாரங்கள் திருநாளுக்கு. மழையோ பூச்சியோ வந்தாலும் எல்லாம் ஒரே நாளில் போகாது என்பது கூடுதல் பயன். ஆனால் முன்னே முற்றும் வயலுக்கும் பின்னே முற்றும் வயலுக்கும் நீர் வடியும் வழி தனித்தனியாக இருக்கவேண்டும். மேட்டு வயலில் குறுகிய வயது இரகத்தையும் பள்ள வயலில் நீண்ட வயது இரகத்தையும் விடுவது நலம்.

அறுவடை திருநாளிலேயே வந்துவிட்டால்

கால்வாய் நீர் தாமதமானதாலோ நாற்று பழுதானதாலோ கணக்கு தவறிப் போவதும் உண்டு. அப்போது மார்கழி முதல் நாளே கீழ்க்காணும் வேலைகளைத் தொடங்கவேண்டும்.

பூத்தபின் தழைச்சத்து உரம் இடக் கூடாது. இட்டால் பயிர் பச்சை பிடித்து முற்றுவது தாமதமாகும், சாயவும் செய்யும். அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்குமுன் நீரை வடிக்கவேண்டும். களிமண் வயலானால் பத்து நாளும் தேவை. மடையைத் திறந்தால் மட்டும் போதாது. பள்ளத்தில் தேங்கிய நீர் வெளியேற வயலின் நடுவில் ஒரு சாலைக் கீறிவிடவேண்டும். இந்த ஒரு வேலையை மார்கழி இருபதுக்குள் முடித்துவிட்டால் பிள்ளை வீட்டில் இல்லாவிட்டாலும் இயந்திரம் வயலில் இறங்கும்.

இயந்திரத்தைத் தனித்தனியே பேசாமல் அடுத்தடுத்த வயல்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து பேசலாம். ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆவதால், இருபது ஏக்கர் ஓரிடத்தில் கிடைத்தால் இயந்திரக்காரர் நாளைக் குறித்து வருவார். சாக்கு, தார்ப்பாய், வண்டி ஆகியவற்றையும் முன்னரே ஏற்பாடு செய்து வைக்கவேண்டும்.

கதிரில் பத்தில் எட்டு மணிகள் வைக்கோல் நிறம் அடைந்ததும் அறுக்கலாம். அதன்பின் சில நாள் பொறுக்கும். பத்து நாளைக் கடந்தால் மணி உதிரும். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறிப்பட்டு மணிக்குள் வெடிப்பு விழுந்து, அரைக்கும்போது நொய் மிகும். தை மாதத்தில் மழை வராது என்றும் நம்பியிருக்க முடியாது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த பெருமழையில் அறுவடைக்கு நின்ற சம்பா பயிர் பல மாவட்டங்களில் மூழ்கியது நினைவிருக்கும்.

பனி உலர்ந்தபின், காலை பத்து மணிக்குமேல் அறுப்பது நன்று. கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதத்துக்குப் பொதுவான வரம்பு 17 சதம். பனியோடு அறுத்த நெல்லைக் கொண்டுபோய்க் களத்தில் காத்துக் கிடப்பதைவிட, இரண்டு மணி நேரம் பொறுத்து அறுப்பது மேல். விதைக்கு வைப்பதை 13 சதம் வரை காயவைக்கவேண்டும்.

காவிரிப் படுகையில் நெல் தரிசில் உளுந்து விதைப்போருக்கு வேலை இன்னும் ஒன்று கூடுகிறது. அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்குமுன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள் ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ உளுந்தைத் தெளிக்கவேண்டும். பதம் ஓரிரு நாளே நிற்கும். அறுவடை தை பாதிக்குத் தள்ளப்பட்டிருந்தால் உளுந்து விதைப்பு மாட்டுப் பொங்கலுக்குப் பின்னரே வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றாள் ஒருவரைத் திருநாளுக்கு முன்பே பேசி வைக்கவேண்டும். மடை எங்கே, இயந்திரக்காரர் எண் என்ன, சாக்கு எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கூலி என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பிள்ளை படுத்துவிட்டால் வேலை முழுவதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. தெரியாமல் விழுவதைவிடத் தெரிந்து விழுவது பாதிப் பாரம்.

களத்தில் இறங்கும் இளைஞர்களுக்கு

தம்பிமார்களுக்குச் சில சொற்கள். உழைத்து உரமேறிய உடல் உங்களுக்கு இருக்கிறது. ஆனால் களைத்த உடல் வேறு, உரமேறிய உடல் வேறு. மூட்டை தூக்கியும் தாள் சுமந்தும் களைத்த மறுநாள் கால் பின்னும். கண் பார்த்ததைக் கை செய்யத் தாமதமாகும். வாடிவாசலில் அந்தத் தாமதம் போதும். ஆகவே விளையாட்டுக்கு இரண்டு நாள் முன்பே கடும் வேலையை நிறுத்தி நன்றாக உறங்கவேண்டும்.

பூச்சிமருந்து தெளிப்போர் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். சிலவகை மருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறித் தலைசுற்றலையும் தசைத் தளர்ச்சியையும் உண்டாக்கும். மருந்து தெளித்தபின் தலைவலியோ மயக்கமோ கண்டவர் களத்தில் இறங்கவே கூடாது. அந்த வாரத்தில் தெளிப்பு வேலையை வேறொருவரிடம் விடுவதே நலம். மதுவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. களத்து வாயிலில் சோதிக்கிறார்கள்.

திமிலை மட்டுமே பிடிக்கவேண்டும். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது என்ற விதி காளைக்கு மட்டும் காப்பு அன்று, உங்களுக்கும் காப்பு. இரணஜன்னித் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்னரே காட்டிக் கேட்டுக்கொள்ளவேண்டும். சேற்றிலும் எருவிலும் வேலை செய்யும் நமக்கு மாடு இல்லாவிட்டாலும் அது தேவை.

கொம்பு பட்ட காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காப்பித்தூள், சாம்பல், சாணம் எதையும் அப்பக் கூடாது. தையல் பிரிக்கும் முன் வயல் சேற்றில் கால் வைக்கக் கூடாது. "வேலை கிடக்கிறதே" என்று இறங்கி, ஆறிய புண்ணைச் சீழ் பிடிக்க வைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விபத்துக் காப்பீடு எடுத்திருப்போர், இவ்விளையாட்டில் படும் காயத்துக்கு அது செல்லுமா என்பதை முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது நன்று.

காளை வளர்ப்போருக்கு

காளைக்குத் தைத் திங்களில் மூன்று நாள்தான் விளையாட்டு. தீவனமோ ஆண்டு முழுவதும் வேண்டும். 350 கிலோ எடையுள்ள காளைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ உலர்பொருள் தேவை. இதை 25 கிலோ பசும்புல்லும் 4 கிலோ வைக்கோலும் கொடுத்துவிடும். அடர்தீவனம் இதற்கு மேலான ஊட்டமே. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விலை கொடுத்து வாங்கிக் கடன்படும் வீடுகள் பலவற்றில் பசும்புல்லுக்கு ஒரு பாத்திகூட இல்லாதது வியப்பு.

கிணற்றடியில் பத்து சென்டு ஒதுக்கிக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ 5 நட்டால் போதும். இரண்டு அடிக்கு ஓர் அடி எட்டு அங்குல இடைவெளியில் ஏறத்தாழ 1,300 கரணைகள் தேவைப்படும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். பின்னர் 45 நாளுக்கு ஒரு முறை. நிலத்தை ஒன்பது பட்டைகளாகப் பிரித்து ஐந்து நாளுக்கு ஒரு பட்டை என்று அறுத்து வந்தால், ஒன்பதாம் பட்டை முடியும்போது முதல் பட்டை தயாராக நிற்கும். நன்கு நீரும் எருவும் கொடுத்தால் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ புல் தொடர்ந்து கிடைக்கும். ஆனியில் நட்டவர் புரட்டாசி முதல் அறுக்கலாம். நடவு, களையெடுப்பு, அறுவடை என்று ஆள் கிடைக்காத நாட்களில் மேய்க்க ஓட்டிச் செல்லும் வேலையும் மிச்சம்.

அறுவடைக் களத்தில் காளையை அவிழ்த்துவிடக் கூடாது. சிந்திய நெல்லை வயிறு நிறையத் தின்றால் வயிற்றில் அமிலம் மிகுந்து, உப்பி, உயிருக்கே ஆபத்தாகும். விளையாட்டுக்கு முன் திடீரென்று தானியத்தைக் கூட்டுவதும் இதே கேட்டைத் தரும். கோமாரித் தடுப்பூசியை விளையாட்டுக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடவேண்டும். கடைசி நாளில் போட்டால் நோய் எதிர்ப்பு வளர நேரம் இராது. மருந்து தெளித்த வயலின் வைக்கோலை, அம்மருந்துக்குக் குறித்த காத்திருப்பு நாள் கழியாமல் கொடுக்கக் கூடாது.

முடிவாக

ஆவணியில் நாற்று விடுமுன் பெரியவரும் பிள்ளையும் நாட்காட்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காரவேண்டும். தை முதல் மூன்று நாட்களைச் சுற்றி வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். நினைவில் வைக்க வேண்டியவை இவை:

1. அறுவடை தை முதல் நாளை ஒட்டிய இரண்டு வாரங்களில் விழாதபடி விதைக்கும் நாளையோ இரகத்தையோ மாற்றுக.

2. பாதிக் கதிர் பூத்த நாளைக் குறித்து, அதிலிருந்து முப்பது நாள் எண்ணுக.

3. அறுவடை திருநாளை ஒட்டி வந்தால் மார்கழி இருபதுக்குள் நீரை வடிக்க.

4. இயந்திரத்தைப் பலர் சேர்ந்து பேசுக. மாற்றாளை முன்னரே ஏற்பாடு செய்க.

5. களைத்த உடலோடும் மருந்து தெளித்த உடலோடும் களத்தில் இறங்காதிருக்க.

6. காளைக்குப் பத்து சென்டு பசும்புல் நடுக.

மேலூர் வட்டத்து வீட்டை மறுபடி ஒரு முறை பார்த்தேன். கிணறு இருந்ததால் அடுத்த ஆண்டு செப்டம்பர் 3இல் நாற்று விட்டார்கள். பொங்கல் அன்று பயிர் மஞ்சள் திரும்பத் தொடங்கி, நீர் தேவைப்படும் நிலையிலேயே இருந்தது. அவசரம் எதுவும் இல்லை. பிள்ளை மறுபடியும் களத்துக்குப் போனான். முழங்கையில் ஒரு சிராய்ப்போடும் கையில் ஒரு பித்தளை அண்டாவோடும் திரும்பினான். தை பதினைந்தில் மூன்று ஏக்கரும் அறுவடை ஆயிற்று. அவன் தாயார் அந்த ஆண்டும் அவனைப் போக வேண்டாம் என்று சொல்லத்தான் செய்தாராம். "ஆனா வயலு என்ன ஆகுமோங்கற பயம் மட்டும் இல்ல சார்" என்றார். மாட்டின் கொம்பு தரும் பயத்தை நம்மால் நீக்க முடியாது. அந்த மற்றொரு பயத்தையாவது ஆவணி மாதத்திலேயே நீக்கிவிட உழவர் பெருமக்கள் முன்வர வேண்டும்.